ஸ்டென்ச் என்றால் என்ன, நாற்றம் என்றால் என்ன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். மார்கழி வந்தால் அதே மாடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடித் திருப்பாவை சொல்வோம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் ஒரே சந்தேகம் இரண்டு பக்கமிருந்தும் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் ஸ்டென்ச் என்ற சொல்லில் இடறுகிறார்கள், பெரியவர்கள் நாற்றம் என்ற சொல்லில் இடறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது மொத்தமாக எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

மிஸ், ஸ்டென்ச்னா என்ன? ஸ்மெல்னே சொல்லிட்டுப் போகக் கூடாதா?

ஸ்டென்ச் என்றால் தாங்க முடியாத கெட்ட நாற்றம். லேசான வாடைக்கு இந்தச் சொல் வராது. கதவைத் திறந்ததும் நம்மை அறியாமல் கை மூக்குக்குப் போகிறதே, அந்த அளவு இருந்தால்தான் ஸ்டென்ச். நாலு நாள் எடுக்காத குப்பைத்தொட்டி, மழைக்கு மறுநாள் அடைத்துக்கொண்ட சாக்கடை, பரணில் எங்கேயோ செத்துக் கிடக்கும் எலி, இவற்றுக்கெல்லாம் தாராளமாகப் போடலாம்.

ஸ்மெல் பொதுவான சொல். காபிக்கும் ஸ்மெல், சாக்கடைக்கும் ஸ்மெல். நல்லதா கெட்டதா என்று பக்கத்தில் இன்னொரு சொல் போட்டுச் சொல்ல வேண்டும். ஸ்டென்ச்சுக்கு அந்தத் துணை தேவையில்லை, கெட்டது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் "பேட் ஸ்டென்ச்" என்று எழுதினால் தப்பென்று அடிக்க மாட்டேன், ஆனால் அந்த "பேட்" அங்கே சும்மா நிற்கிறது.

ஸ்டிங்க், ஸ்டென்ச் ரெண்டும் ஒண்ணுதானா? எதை எங்க போடணும்?

ஒரே குடும்பம், வேலைதான் வேறு. ஸ்டிங்க் வினைச்சொல்லாகவும் வரும், பெயர்ச்சொல்லாகவும் வரும். நாறுகிறது என்று சொல்ல ஸ்டிங்க்ஸ், நாறியது என்று சொல்ல ஸ்டாங்க், மூன்றாவது வடிவம் ஸ்டங்க். ஸ்டென்ச் பெயர்ச்சொல் மட்டும்தான், "இட் ஸ்டென்ச்சஸ்" என்று ஒருபோதும் எழுதக் கூடாது. பேச்சில் ஸ்டிங்க் சாதாரணமாகப் புழங்கும், ஸ்டென்ச் கொஞ்சம் கனமான சொல், செய்தித்தாளிலும் கதையிலும் அதிகம் வரும்.

ஒன்றில் "க்" என்றும் மற்றதில் "ச்" என்றும் முடிகிறதே என்று ஒரு பெண் கேட்டாள், நல்ல கவனிப்பு. ட்ரிங்க், ட்ரென்ச் என்ற ஜோடியைப் பாருங்கள். ட்ரிங்க் குடிப்பது, ட்ரென்ச் முதலில் குடிக்கவைப்பது என்ற பொருளில் இருந்து பிறகு தொப்பலாக நனைப்பது என்று ஆனது. ஸ்டிங்க், ஸ்டென்ச் ஜோடியிலும் அதே ஒலி மாற்றம்தான்.

இது லத்தீன்ல இருந்து வந்த வார்த்தையா?

இல்லை, ஆங்கிலத்தின் சொந்தச் சொல். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே ஸ்டிங்கன் என்று வினைச்சொல்லாகவும் ஸ்டென்ச் என்று பெயர்ச்சொல்லாகவும் இருந்திருக்கிறது. மேற்கு ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான சொத்து இது, ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் இன்றைக்கும் நாறுவதை ஸ்டிங்கன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் அப்போது இதற்கு இருந்த அர்த்தம் வேறு. பழைய ஆங்கிலத்தில் ஸ்டிங்கன் என்றால் வாசம் வீசுவது, அவ்வளவுதான். நல்ல வாசமாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஸ்டென்ச்சும் அப்படியே, பூவின் வாசத்துக்கும் அதைப் போட்டிருக்கிறார்கள். சுமார் 13ஆம் நூற்றாண்டுக்குள் நல்ல பக்கம் மெல்ல உதிர்ந்துபோய்க் கெட்ட பக்கம் மட்டும் மிஞ்சியது.

அப்போ அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க ரோஜாப்பூ "ஸ்டிங்க்" ஆகுதுன்னு சொல்வாங்களா? நம்பவே முடியல மிஸ்!

சொல்வார்கள். "ஸ்வீட்டாக ஸ்டிங்க் ஆகிறது" என்ற மாதிரியான தொடரே பழைய ஆங்கிலத்தில் உண்டு, இனிமையாக மணக்கிறது என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கு அதைப் படிக்கிற ஆங்கிலேயப் பிள்ளைக்கும் உன்னைப் போலவேதான் இருக்கும்.

நம்ப முடியவில்லை என்றால் நம் வீட்டுக்கு வா. நாறு, நாற்றம் என்ற நம் சொற்களுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததும் கிடையாது. இருந்தும் இரண்டும் ஒரே தடத்தில் நடந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம்.

ஏம்மா, திருப்பாவையில "நாற்றத் துழாய்முடி நாராயணன்"னு வருதே, பெருமாள் தலைல நாத்தம்னு ஆண்டாள் ஏன் பாடினா?

பத்தாம் பாசுரம், "நோற்றுச் சுவர்க்கம்" என்று தொடங்குவது. ஒவ்வொரு மார்கழியிலும் பத்தாம் நாள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள், சில பேர் அந்த இடத்தில் குரலைத் தணித்துக்கொள்வதும் உண்டு. குரலைத் தணிக்க வேண்டியதே இல்லை. நாற்றத் துழாய் என்றால் மணக்கும் துளசி, அதை முடியில் சூடிய நாராயணன். ஆண்டாள் காலத்தில் நாற்றம் என்பது வாசம் என்ற பொதுப்பொருளில்தான் இருந்தது.

உரை சொல்கிறவர்கள் இந்த இடத்தை இன்னும் ரசமாக விளக்குவார்கள். தோழிகள் எழுப்ப வந்தும் உள்ளே படுத்திருப்பவள் கதவையும் திறக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. கண்ணன் உள்ளே இருக்கிறானோ என்று வெளியே நிற்கும் பெண்களுக்குச் சந்தேகம். அவன் ஒளிந்துகொள்ளலாம், அவன் சூடிய துளசியின் மணத்தை ஒளிக்க முடியுமா? அது கதவிடுக்கு வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. கையில் ஒரு துளசி இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்துவிட்டு இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் சந்தேகமே வராது.

இன்னொன்று, ஆண்டாளுக்கு வேறு சொல் தெரியாமல் இதைப் போடவில்லை. அதே திருப்பாவையில் ஏழாம் பாசுரத்தில் "வாச நறுங்குழல் ஆய்ச்சியர்" என்கிறாள், பதினெட்டாம் பாசுரத்தில் "கந்தம் கமழும் குழலீ" என்கிறாள். வாசம், கந்தம், நாற்றம் மூன்றும் முப்பது பாட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நாச்சியார் திருமொழியில் வெண்சங்கைப் பார்த்து "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று கேட்பதும் அவள்தான். கண்ணனின் வாய் கற்பூரம் மாதிரி மணக்குமா, தாமரை மாதிரி மணக்குமா என்று ஆசையோடு கேட்கும் கேள்வி அது.

திருக்குறள்லயும் நாற்றம் வருதாமே, அதுவும் நல்ல அர்த்தமா?

ஆமாம். 27ஆம் குறள், "சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின்". இங்கே நாற்றம் ஐம்புலன்களில் மூக்குக்குரியது, நல்லதுமில்லை கெட்டதுமில்லை. 650ஆம் குறளில் "நாறா மலர்" வருகிறது, கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத பூ. படித்ததைப் பிறருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவனுக்கு அது உவமை. இன்றைய அர்த்தத்தை வைத்துப் பார்த்தால் நாறாத மலர் நல்ல மலர் என்று ஆகிவிடும், குறள் தலைகீழாகப் புரளும்.

1274 இன்னும் அழகு. "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு." மொட்டுக்குள் மணம் அடங்கியிருப்பது போல அந்தப் பெண்ணின் புன்சிரிப்புக்குள் ஏதோ ஒன்று அடங்கியிருக்கிறது. என்னிடம் படிக்கிற ஒரு பையன் இதை ஆங்கிலத்தில் எழுதும்போது மொட்டுக்குள் இருக்கும் ஸ்டென்ச் என்று எழுதிக் கொண்டுவந்தான். அவன் நோட்டில் சிவப்பு மை போட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே நாற்றம் ஸ்கூல் போகிற வழியில் இருக்கும் சாக்கடையுடையது, அவன் என்ன செய்வான்? ஃப்ராக்ரன்ஸ் என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் போட்ட ஸ்டென்ச்சும் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று மேலே சொன்ன கதையைச் சொன்னேன்.

நாற்றமே கெட்டதுன்னா துர்நாற்றம்னு ஏன் சொல்றோம்? ரெண்டு தடவை கெட்டதா?

நாற்றம் ஒரு காலத்தில் பொதுச்சொல்லாக இருந்ததற்குத் தினமும் நம் வாயில் புழங்கும் சாட்சி இந்தச் சொல்தான். துர் என்பது வடமொழி முன்னொட்டு, கெட்ட என்று அர்த்தம். நாற்றம் வெறும் வாசமாக இருந்தபோது கெட்டதைத் தனியாகப் பிரித்துக் காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது, அதை முன்னால் ஒட்டினார்கள். பிறகு நாற்றமே கெட்டதாகிவிட்டது, முன்னொட்டு மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாட்சி இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூர் கோயிலில் சுவாமியின் பெயர் நாறும்பூநாதர். மணக்கும் பூவின் நாதர். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயரை வைப்பார்கள். அப்படிப் பெயருள்ளவர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தால் நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு முன்னால் அந்தப் பெயரின் வயசை நினைத்துப் பார்க்கலாம்.

நாத்து நடறோம்ல, அந்த நாற்றுக்கும் நாற்றத்துக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?

உண்டு. நாறுதல் என்ற வினைக்குத் தமிழ் அகராதிகள் மணம் வீசுதல் மட்டுமல்லாமல் முளைத்தல், தோன்றுதல் என்ற பொருளும் தருகின்றன. முளைத்து எழுவது நாற்று. மண்ணிலிருந்து பயிர் எழுவதும் பூவிலிருந்து மணம் எழுவதும் பழைய தமிழ்க் காதுக்கு ஒரே சொல்லில் கேட்டிருக்கிறது.

பழைய ஆங்கிலத்து ஸ்டிங்கனுக்கும் இப்படி இன்னொரு பொருள் உண்டு. புழுதியும் ஆவியும் மேலே எழுவதற்கும் அதே சொல். இதனால் இரண்டு மொழியும் ஒரே வேர் என்று யாராவது கிளம்பினால் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. வாசத்தை "எழுந்து வருவது" என்று பார்க்கும் கண் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறது, அதுவே எனக்குப் போதும்.

எல்லா வார்த்தையும் ஏன் கெட்ட பக்கமாவே சாயுது? நல்ல பக்கம் போகக் கூடாதா?

நாம் வாசனையைப் பற்றி எப்போது வாய் திறக்கிறோம் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். நல்ல காற்று வீசும்போது பேசாமல் இருக்கிறோம், மூக்கு உறுத்தினால்தான் "என்ன இது" என்கிறோம். அப்படிச் சொல்லும்போதும் முகத்துக்கு நேரே கெட்டது என்று சொல்லக் கூச்சம், அதனால் பொதுச்சொல்லைப் போட்டு மூடுகிறோம். "ஒரு மாதிரி வாடை வருது." கொஞ்ச காலத்தில் அந்தப் பொதுச்சொல்லிலேயே கறை ஏறிவிடுகிறது, அப்புறம் இன்னொரு புதுச் சொல்லைத் தேடுகிறோம்.

இது இப்போது சென்னையில் நம் கண்ணெதிரே நடக்கிறது. "பாத்ரூம்ல ஸ்மெல் வருது" என்றால் நல்ல வாசம் என்று யாராவது நினைப்போமா? ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாக இருக்கும் ஸ்மெல் நம் ஊர்த் தமிழில் கெட்ட வாடை என்றே ஆகிவிட்டது. நாத்தம் என்று சொல்லக் கூச்சப்பட்டு அதைக் கூப்பிட்டோம். ஆங்கிலத்திலும் "இட் ஸ்மெல்ஸ்" என்று மொட்டையாகச் சொன்னால் நாறுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்து மொழிகளையும் பாருங்கள். தெலுங்கில் "வாசன வஸ்துந்தி" என்றால் பெரும்பாலும் கெட்ட வாடை வருகிறது என்று அர்த்தம். நமக்கு வாசனை சந்தனம், ஊதுபத்தி. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர், கல்யாண வீட்டிலிருந்து வந்தவளிடம் நான் "வாசனையா இருக்கே" என்றதைக் கேட்டு ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். கன்னடத்தில் நாத்தத்துக்கு நாத, மலையாளத்தில் நாற்றம், இரண்டுமே கெட்ட வாடைதான். ஈழத்தமிழில் மணம் என்பதை நல்லதற்கும் கெட்டதற்கும் சேர்த்துச் சொல்வார்கள், அதனால் யாழ்ப்பாணத்துத் தோழி "மணக்குது" என்றால் பாராட்டா புகாரா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓடர், சென்ட், ரீக், பெர்ஃப்யூம்... இத்தனை எதுக்கு? எதை எப்போ போடறது?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக உள்ளே வந்தன. ஓடர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, இன்றைக்குக் கொஞ்சம் டாக்டர் பேசுகிற மாதிரியான சொல், உடல் வாடைக்கும் மருந்து வாடைக்கும் பொருந்தும். சென்ட்டும் அதே வழி, உணர்தல் என்ற லத்தீன் வேர், முதலில் வேட்டை நாய் மோப்பம் பிடிப்பதற்குச் சொன்னது. அதை எழுதும்போது நடுவில் வாயில் வராத ஒரு சி எழுத்து உண்டே, அது 17ஆம் நூற்றாண்டில் காரணமே இல்லாமல் நுழைந்தது, பிள்ளைகள் ஸ்பெல்லிங்கில் தப்பு விட்டால் நான் அதிகம் கோபித்துக்கொள்வதில்லை. வந்தவர்கள் நல்ல பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதால்தான் உள்ளூர் ஸ்டென்ச் கெட்ட பக்கத்துக்குத் தள்ளப்பட்டது என்பது என் எண்ணம். நம்மிடமும் வாசனை, கந்தம், மணம் எல்லாம் நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டன, நாற்றத்துக்கு மிச்சம்தான் கிடைத்தது.

ரீக் எனக்குப் பிடித்த கதை. பழைய ஆங்கிலத்தில் அது புகைவது, ஜெர்மனில் இன்றும் புகைப்பதற்கு ரௌகன், முகர்வதற்கு ரீகன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு ஆல்ட் ரீக்கி என்று செல்லப்பெயர், வீடுகளின் புகைபோக்கிகள் விட்ட புகையால் வந்த பெயர், நாற்றத்தால் அல்ல. பெர்ஃப்யூமுக்குள்ளும் புகைதான் இருக்கிறது, ஃப்யூம் என்றால் புகை. ஒரு புகைச்சொல் நாற்றமானது, இன்னொன்று அத்தராகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட கூடத்தில் நின்றால் இரண்டாவது ஏன் அப்படிப் போனதென்று புரியும்.

நாய்சம்னா சத்தம் போடறதுதானே மிஸ்?

இல்லை. எழுத்தில் நாய்ஸ் மாதிரி தெரிகிறது, ஆனால் சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தொல்லை தருவதைச் சொல்லும் "அனாய்" என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை வெட்டினால் மிஞ்சுவது "நாய்", அதோடு "சம்" சேர்ந்தது. குமட்டுகிற, தொல்லை தருகிற என்று பொருள். நாய்சம் ஓடர் என்றால் குடலைப் புரட்டும் வாடை. போட்டித் தேர்வுகளில் இதைப் பொறியாகவே வைப்பார்கள்.

பெருங்காயத்துக்கு இங்கிலீஷ்ல நாறுற பேரு வெச்சிருக்காங்கன்னு என் பையன் சொல்றான், நிஜமா?

நிஜம்தான். அசஃபெடிடாவில் அசா என்பது பிசினைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது, ஃபெடிடா என்பது லத்தீனில் நாறுகிற. நாறுகிற பிசின். கெட்ட வாடையைச் சொல்லும் ஃபெடிட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேர்தான். ஜெர்மனில் இன்னும் மோசம், பிசாசின் கழிவு என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் பச்சையாக முகர்ந்துவிட்டுப் பெயர் வைத்தார்கள். கட்டிப் பெருங்காயத்தைக் கிண்ணத்தில் ஊறப்போட்டால் அந்தக் கிண்ணத்தில் வேறு எதையும் வைக்க முடியாது என்பது நமக்கும் தெரியும், அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலை அது. அதையே காய்ந்த எண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டதும் பொங்கிப் பொரிந்து வாடை திரும்பி வாசனையாகிவிடுகிறது, ரசம் கொதிக்கிற வீட்டை மூன்றாவது வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். இந்தச் செடி ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் குளிர் வறண்ட மலைகளில் வளர்வது, 2020இல்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌலில் அதை நட்டுப் பயிராக்கும் முயற்சி தொடங்கியது. பெருங்காயம் என்ற பெயரில் நாற்றமே இல்லை, நம் பெயர்தான் அதற்கு நியாயம் செய்கிறது.

மலேரியான்னா கெட்ட காத்துன்னு அர்த்தமாமே? கொசுதானே கடிக்குது?

இத்தாலிய மொழியில் மாலா ஆரியா, கெட்ட காற்று. கொசுவின் கதை தெரிவதற்கு முன்னால் சதுப்பு நிலத்து நாற்றத்தை மூச்சில் இழுத்தால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். அந்த நச்சுக் காற்றுக்கு மியாஸ்மா என்று பெயர், கிரேக்கத்தில் கறை, தீட்டு என்று பொருள். 1897இல் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார், பெயர் மட்டும் பழைய நம்பிக்கையோடு நின்றுவிட்டது.

ஸ்டிங்க் என்ற சொல்லுக்கே வரலாற்றுப் புத்தகத்தில் இடம் கிடைத்ததும் அந்த நம்பிக்கை இருந்த காலத்தில்தான். 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் ஆறு அப்படி நாறியது, பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். கிரேட் ஸ்டிங்க் என்று அதற்குப் பெயர். நாற்றம்தான் காலராவைப் பரப்புகிறது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள், நாலு வருஷத்துக்கு முன்பே ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீர்க் குழாயைக் கைகாட்டியிருந்தும். ஆனாலும் நாற்றம் தாங்காமல் சட்டம் போட்டார்கள், பசல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார், காலராவும் அடங்கியது. காரணம் தப்பு, செய்த வேலை சரி. நேப்பியர் பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கூவத்தில் சாக்கடை கலக்கிறது, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நீர் தேங்குகிறது, பிராணவாயு தீர்ந்த தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன, அழுகின முட்டை வாடை. நம் ஆறு நாறுவதைப் பார்த்து வேடிக்கையாகப் பேசிப் பழகிவிட்டோம், நான் அதில் சேர்வதில்லை.

கேஸ் சிலிண்டர் நாத்தமும் சாக்கடை நாத்தமும் ஒரே மாதிரி இருக்கே, ஏன்?

இரண்டிலும் கந்தகம். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். மெர்கேப்டன் என்ற பெயர் 1830களில் ஸைஸ் என்ற டென்மார்க் வேதியியலாளர் வைத்தது, பாதரசத்தைப் பிடித்துக்கொள்வது என்பதற்கான லத்தீன் தொடரைச் சுருக்கியது. அந்த வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

சாக்கடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கிறபோதுதான் உயிருக்கு ஆபத்து. உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் குழிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013 சட்டம் தடை செய்கிறது. உங்கள் தெருவில் யாராவது அப்படி ஒருவரை இறக்கச் சொன்னால் தடுத்துவிடுங்கள்.

கவுச்சி, ஊசல், மக்கல், கப்பு... இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல ஸ்டென்ச்னு போட்டா போதுமா?

போதாது. கப்பு மட்டும்தான் ஸ்டென்ச்சுக்குச் சமம், "கப்படிக்குது" என்று நம் ஊர்ப் பையன்கள் சொல்வது அதே வேகம். மற்றவை தனித்தனி ருசி. எண்ணெய் பழசாகிக் காறினால் ரான்சிட். சாப்பாடு ஊசிப்போனால் கான் ஆஃப். நவம்பர் மழையில் யூனிஃபார்மை ஃபேனுக்கு அடியில் காயப்போட்டு, காலையில் கொஞ்சம் ஈரத்தோடேயே போட்டு அனுப்புகிறோமே, அந்தச் சட்டைக் கழுத்தில் வரும் வாடை மஸ்டி. பழைய பீரோவுக்கும் அதே சொல்.

கவுச்சிக்கு ஒரே சொல் கிடையாது. மீன் என்றால் ஃபிஷ்ஷி, முட்டையும் கறியும் என்றால் விளக்கித்தான் எழுத வேண்டும். காசிமேட்டு மீன் வாடையை மட்டும் ஸ்டென்ச் என்று எழுதாதீர்கள், விடியற்காலையில் கரைக்கு வந்த புது மீனின் வாடை அது. அதை நாற்றம் என்று எழுதினால் அந்த வேலையில் இருப்பவர்களையும் சேர்த்து இழிவாகப் பேசியதாக ஆகும். புளித் தண்ணீரில் மீனைக் கழுவினால் அந்த வாடை அடங்குவதற்கும் காரணம் உண்டு, வாடைக்குக் காரணமான அமைன் புளிப்போடு சேர்ந்து ஆவியாகாத உப்பாகிவிடுகிறது.

ஒருத்தர்கிட்ட வேர்வை நாத்தம் அடிச்சா "யு ஸ்டிங்க்"னு சொல்லலாமா?

வேண்டாம். அண்ணன் தம்பிக்குள் சொல்லிக்கொள்ளலாம், மற்றபடி அது "நீ நாறுற" என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். உடல் வாடைக்கு ஓடர் என்ற மரியாதையான சொல் மேலேயே வந்துவிட்டது. வாய் நாற்றத்துக்கு ஹாலிடோசிஸ், மருத்துவர்களோடு நின்றிருந்த இந்தச் சொல்லை 1920களில் லிஸ்டரின் விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோயின.

பொருளை விட்டு ஆளையோ வேலையையோ திட்டுவதிலும் இரண்டு மொழியும் ஒன்றுதான். "திஸ் ஐடியா ஸ்டிங்க்ஸ்" என்பதும் "அவன் பேரு நாறிப்போச்சு" என்பதும் ஒரே மூக்கிலிருந்து வருகிறது.

சின்னப் பிள்ளைங்களுக்கு அடிக்கிற திருப்பாவை புக்ல மட்டுமாவது நாற்றத்தை எடுத்துட்டு மணம்னு போட்டுடலாமே? கேட்டா கூச்சமா இருக்கு.

இதை அன்போடுதான் கேட்கிறார்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அர்த்தத்தை ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுங்கள், நாற்றம் என்றால் அந்தக் காலத்தில் மணம் என்று. பாட்டில் கை வைக்காதீர்கள். அந்தப் பாசுரத்தின் எட்டு அடிகளும் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். நோற்று, மாற்றமும், நாற்ற, போற்ற, கூற்றத்தின், தோற்றும், ஆற்ற, தேற்றமாய். எட்டிலும் இரண்டாம் எழுத்து ற்.

எங்கள் மாடிக்கு வரும் பிள்ளைகளில் ஆறு வயசுப் பெண் ஒருத்தி உண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்க இப்போதுதான் பழகுகிறாள், முப்பதும் மனப்பாடம். போன மார்கழியில் நான் வேண்டுமென்றே "மணத் துழாய்முடி" என்று சொல்லிப் பார்த்தேன். கையை நீட்டி நிறுத்தி, "தப்பு மிஸ், நாற்ற" என்றாள்.